படகில் ஒரு குடித்தனம்



போன மாதம் என் பள்ளித் தோழி கும்பகோணத்திலிருந்து பிள்ளைகளோடு பெரும்பாக்கம் வந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரையும் முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனேன். படகு நடுத் தண்ணீருக்குப் போனதும், "ஏண்டி, படகிலேயே குடித்தனம் நடத்தறவங்க இருக்காங்களாமே! அடுப்பை எங்கே வைப்பாங்க?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்விதானே? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நம் கடற்படையின் தாரிணி சுமார் 56 அடி நீளமுள்ள பாய்மரப் படகு. அதில் 2017-18-இல் ஆறு பெண்கள் உலகைச் சுற்றி வந்தார்கள். பிறகு இரண்டே பெண்கள், கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும், 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து அதே படகில் கிளம்பி, 2025 மே 29-இல் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல்! வழியில் நான்கு துறைமுகங்களில்தான் தங்கினார்கள். பசிபிக் கடலில் நீமோ முனை என்று ஓர் இடம். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கரை 2,600 கிலோமீட்டருக்கு மேல். அதையும் தொட்டு வந்தார்கள்.

எட்டு மாதம், ஒரே கூரை, இரண்டே பேர். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக்கூடப் போக முடியாது! அதனால்தான் எடுத்த எடுப்பில் போய்விடவில்லை. அதற்கு முன்பே அந்தமானுக்கும் மொரீஷியசுக்கும் இருவராகவே போய்வந்து பழகியிருந்தார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். இப்படிப்பட்ட படகுகளில் அடுப்பை ஊஞ்சல் மாதிரி மாட்டியிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நேராகவே நிற்கும். மேடையைச் சுற்றிச் சின்ன வரம்பு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் எதையும் ஊற்றக்கூடாது. தட்டு நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைக்கக்கூடாது. ராத்திரி இருட்டில் கை நீட்டினால் அதே இடத்தில் கிடைக்கவேண்டும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் காற்றையும் பாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். தூங்குகிறவரை அனாவசியமாக எழுப்புவது பெரிய குற்றம். இது நம் வீட்டுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய கணக்கு. கடல் நீரைக் குடிநீராக்கும் கருவி உண்டு; ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். ஆகவே பாத்திரத்தைக் கடல் நீரிலேயே தேய்த்து, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசிவிடுவார்கள்.

இப்படிப் படகே வீடாக வாழும் குடும்பங்கள் வெளிநாடுகளில் நிறைய. அவர்களுக்கும் விருந்தாளிகள் வருவார்கள். சேர்ந்து கரையோரமாக ஊர் ஊராகப் போவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் நாளைச் சொல்லலாம், அல்லது ஊரைச் சொல்லலாம், இரண்டையும் சொல்லக்கூடாது. காற்று யார் சொல்லையும் கேட்காதே! அவசரப்பட்டுப் புயலில் கிளம்பினால் ஆபத்து.

புதிதாக ஏறுகிறவர்களுக்குத் தலை சுற்றும், குமட்டும். நீங்கள் படகில் போனாலும் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். உள்ளே அடைந்திராமல் காற்றாட உட்கார்ந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டையே பாருங்கள். ஒரு துண்டு இஞ்சி வாயில் இருக்கட்டும். மாத்திரை வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். மிதவைச் சட்டை குழந்தையின் அளவுக்குத்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

விருந்தாளி படகில் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே, தண்ணீர் இவ்வளவு, கழிப்பறையை இப்படி உபயோகிக்கவேண்டும், உன் வேலை இது என்று சொல்லிவிடுவார்களாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

2019 கோடை நினைவிருக்கிறதா? சென்னை முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்கள். அப்போதும் இதே தோழி குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும். சொல்ல நா எழவில்லை, விருந்தாளியாயிற்றே! ஆனால் முகம் சும்மா இருக்குமா? பாத்திரத்தை 'டங்'கென்று வைத்தேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஐந்து நாள் இருப்பதாக வந்தவள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். அப்புறம் பண்டிகைக்கு ஒரு போன், அவ்வளவுதான். வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்தத் தடவை அவள் பெட்டியைக் கீழே வைக்கும்போதே சொல்லிவிட்டேன். "இங்கே காலையிலே ஒரு மணி நேரம்தான் தண்ணி. ரெண்டு வாளி பிடிச்சு வெச்சிருக்கேன், அது உங்களுக்கு. சாயங்காலப் பாத்திரம் உன் பொறுப்பு."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதாடி?" என்றாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்துதான் பாத்திரம் தேய்த்தோம்.