உடன்படாத சீமாட்டி

1617 ஜனவரியில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் இருக்கையருகே டார்செட் பிரபுவும் அவர் மனைவி ஆன் கிளிஃபோர்டும் மண்டியிட்டிருந்தனர். ஆனின் மூதாதையர் நிலம் குறித்த வழக்கைத் தம் முடிவுக்கே விட்டுவிடுமாறு மன்னர் பணித்தார். கணவர் இசைந்தார். இருபத்தாறு வயது மனைவியோ, உயிருள்ளவரை வெஸ்ட்மோர்லாந்தை விட்டுக்கொடேன் என்று மன்னரின் முகத்துக்கு நேரே மறுத்தார்.

அது வெறும் பிடிவாதமன்று. கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டின் ஆண்மக்கள் இருவரும் இளமையிலேயே மாண்டனர். எஞ்சியவர் ஆன் ஒருவரே. அந்நிலமோ, இரண்டாம் எட்வர்டு காலம் தொட்டே ஆண் பெண் பாராது நேர்வழி வாரிசுக்கே உரியது என விதிக்கப்பட்டிருந்தது. 1605-இல் மறைந்த தந்தை அவ்விதியைப் புறந்தள்ளி, கோட்டைகளையும் நிலங்களையும் தம் தம்பி பிரான்சிஸுக்கு எழுதிவைத்தார். மகளுக்கு 15,000 பவுன் ஒதுக்கினார். பதினைந்து வயது மகளின் பொருட்டு வழக்காடியவர் தாய் மார்கரெட். பழைய பட்டயங்களைத் தேடித் தொகுப்பித்து, கைம்பெண்ணாய் நின்று போராடிய அந்த அன்னையின் துணிவே மகளுக்கு வாய்த்த முதற் சீதனம்.

ஆன் பட்ட துயரம் சிறிதன்று. 1616 ஏப்ரல் 2 அன்று பிரூம் கோட்டைக்கு அருகில் தாயும் மகளும் பிரிந்தனர். அடுத்த மாதமே தாய் மறைந்தார். அதே மே மாதத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாத ஆனின் பெண்குழந்தையை அவரிடமிருந்து பிரித்து அனுப்பக் கணவர் ஆணையிட்டார். ஆயினும் நில வழக்கில் ஆன் பணியவில்லை. 1617-இல் மன்னர் நிலத்தைச் சிற்றப்பனுக்கும் பணத்தைக் கணவருக்கும் வழங்கித் தீர்ப்பளித்தார். உரிமைக்குரியவரின் இசைவின்றியே அவர் உரிமை விலைபேசப்பட்டது. இதனை நீதி என ஏற்க நம் மனம் ஒப்பவில்லை.

சிற்றப்பனின் மகன் ஆண் வாரிசின்றி 1643-இல் இறந்த பின்னரே நிலம் ஆனிடம் வந்தது. உள்நாட்டுப் போர் வழிமறித்தது. 1649-இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், வடக்கே சென்றார். ஸ்கிப்டன், ஆப்பிள்பி, பிரூம், பிரஃப், பெண்டிராகன் கோட்டைகளைச் செப்பனிட்டார், தேவாலயங்களைப் புதுப்பித்தார், ஆப்பிள்பியில் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்தார். குடியானவர்களிடம் அவர் கடுமை காட்டியதும் வழக்காடியதும் உண்மையே; அதை மறைப்பது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு. எனினும், தாயைப் பிரிந்த இடத்தில் 1656-இல் கல்தூண் நாட்டி, ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று அங்கே ஏழைகளுக்கு நான்கு பவுன் வழங்க ஏற்பாடு செய்தவரும் அவரே. 1676-இல், தம் தாய் உயிர்நீத்த பிரூம் கோட்டையிலேயே அவரும் கண்மூடினார்.

டார்செட் பிரபுவின் மனைவியாக ஆன் வாழ்ந்த நோல் மாளிகையில் பிறந்தவர் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட். 1923-இல் ஆனின் நாட்குறிப்பைப் பதிப்பித்தவர் அவர். ஐந்தாண்டு கழித்துத் தந்தை மறைந்தபோது, ஒரே மகளாகிய அவருக்கு நோல் கிட்டவில்லை. அதுவும் தந்தையின் தம்பிக்கே சென்றது.

பிரிட்டிஷ் முடியுரிமையில் மகனுக்கு இருந்த முன்னுரிமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. பிரபுக்களின் பரம்பரைப் பட்டங்களை அச்சட்டம் தொடவில்லை. அவற்றில் மிகப்பெரும்பாலானவை இன்றும் ஆண்வழியே செல்கின்றன. அரசிக்கு ஏற்ற நெறி பிரபுவின் மகளுக்கு ஏலாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதனை அவர்களுக்கும் உரியதாக்க வேண்டும்.