தொட்டாச்சிணுங்கி கேமராவும் எங்கப்பா விரலும்

முதல்லயே சொல்லிடறேன். மெகாபிக்சல், ஜூம், விலைன்னு அட்டவணை போட்டு ஒப்பிடுற சமாச்சாரம் இல்லை இது. புலம்பல். கொஞ்சம் சண்டையும் உண்டு. தொடுதிரை வச்ச, சட்டைப்பையில அடங்குற குட்டி டிஜிட்டல் கேமரா ஒண்ணு வாங்கலாமான்னு யாராவது யோசிச்சுக்கிட்டு இருந்தா, வேண்டாம்னு சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கப் போறேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு சாந்தினி சௌக் போனேன். டில்லிவாழ் மக்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அங்கே கூச்சா சௌத்ரின்னு ஒரு சந்து, சந்து முழுக்க கேமராக் கடைங்க. காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணுக்கு "பழைய டிஜிகேம்" வேணுமாம். அவ கூட்டாளிங்க எல்லாரும் வச்சிருக்காங்களாம். 2008, 2009-ல வந்த வெள்ளி கலர் தட்டைக் கேமரா, பின்னாடி முழுக்கத் திரை, பட்டனே இல்லை. நாம குப்பைன்னு தூக்கிப் போட்டதைத்தான் இப்போ பசங்க தேடி அலையறாங்க. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேருந்து ஒண்ணை எடுத்து, "டச் வாலா ஹை, பேட்டா" அப்படின்னு பெருமையா நீட்டினார். சார்ஜர் இல்லாம 9,000 ரூபாய்.

பாத்த உடனே எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. விலையால இல்லை. இதே மாதிரி ஒண்ணை 2010-ல 16,000 ரூபாய் கொடுத்து வாங்கினவன் நான். எனக்கு இல்லை, எங்கப்பாவுக்கு.

கொசுவத்தியைச் சுத்திடறேன். எங்கப்பா கோவில்பட்டியில மின்வாரியத்துல லைன்மேன். வீட்டுல படம் பிடிக்கிறவர் அவர்தான். முதல்ல ஆக்ஃபா கிளிக் 3 வச்சிருந்தார். ஒரு ரோலுக்கு 12 படம். வெயிலா, மேகமான்னு மட்டும் பாத்துத் திருப்பணும், அமுக்கணும், அவ்வளவுதான். அப்புறம் தொண்ணூறுகள்ல கோடாக் கேபி10. எங்க மொட்டை, காதுகுத்து, அக்கா சடங்கு, அம்மா கிணத்தடியில தலை துவட்டுறது, எல்லாமே அவர் எடுத்ததுதான். "அசையாதீக"ன்னு ஒரு அதட்டல், க்ளிக். ரோல் தீர்ந்தா ஸ்டூடியோ.

2010 கோடை லீவுக்கு ஊருக்குப் போனப்போ மகராசன் நான் என்ன பண்ணேன்? "ரோலும் கழுவுறதும் இன்னும் எதுக்குப்பா"ன்னு கேபி10-ஐக் காயலான் கடைக்கு அனுப்பிட்டு, புதுத் தொடுதிரைக் கேமராவைக் கையில திணிச்சேன். கடலைமிட்டாய் பாக்கெட்டை விடக் கனம் கம்மி. தெருவே வந்து வேடிக்கை பாத்துது. எனக்குப் பெருமை தாங்கலை. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. அப்போ எல்லாரும் இதையேதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அப்பா விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும். முப்பது வருஷம் கம்பி முறுக்கின விரல். திரை ஓரத்துல மிளகு சைஸ்ல ஒரு படக்குறி. அவர் அமுக்கினா பக்கத்துல இருக்குறது திறக்கும், இல்லைன்னா எதுவுமே நடக்காது. "எய்யா, எங்கன அமுக்கணும்?"னு கேட்டுக்கிட்டே இருந்தார். பத்து நாள்ல நாலு தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். நாலாவது தடவை என் குரல் கொஞ்சம் உசந்துடுச்சு. அதுக்கப்புறம் அவர் கேக்கலை. நானும் டில்லிக்கு ரயிலேறிட்டேன்.

2014-ல அம்மா போயிட்டாங்க. சட்டம் போட ஒரு படம் தேடினோம். கடைசி நாலு வருஷத்துல உருப்படியா ஒரு படம் இல்லை. அப்பா அந்தக் கேமராவைப் பீரோவுல, துண்டுல சுத்தி, பூச்சி உருண்டை போட்டு பத்திரமா வச்சிருந்தார். கார்டுல மொத்தம் 23 படம். பெரும்பாலும் ஃபேன், தரை, இருட்டு. ஒண்ணே ஒண்ணுல அம்மா, அடுப்படி வாசல்ல. பாதி முகத்தை அப்பா விரல் மறைச்சிருந்தது. கடைசியில யாரோ கல்யாண வீட்டு குரூப் போட்டோவுலேர்ந்து அம்மாவை மட்டும் வெட்டிப் பெருசாக்கினோம். இன்னிக்கும் சுவத்துல அதுதான் மங்கலா தொங்குது.

இதைப் பொண்ணுகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "தாத்தாவுக்கு சரிப்படலை. எனக்குச் சரிப்படும்ல?"ன்னா. நியாயமான கேள்வி. அதனால கண்ணைத் துடைச்சுக்கிட்டு விஷயத்துக்கு வர்றேன் :-)

அவ தரப்பையும் சொல்லணும். போன்ல எடுத்தா அது நாலஞ்சு படத்தை ஒட்டவச்சு, மூஞ்சியை வழுவழுன்னு தேய்ச்சு, இருட்டைப் பகலாக்கிக் கொடுத்துடுது. படம் எடுக்க எடுத்த போன்ல வாட்ஸப் வந்து கூப்பிட்டுடுது. படம் எடுக்க மட்டுமே ஒரு பொருள் வேணும்கிறா. நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். தனிக் கேமரா வாங்கு, தாராளமா வாங்கு. ஆனா பின்னாடி பட்டன் இல்லாத தட்டைக் கேமரா மட்டும் வேண்டாம். ஏன்னு கேளுங்க.

ஒண்ணு, அந்தத் திரை. 2005-லயே சோனி என்1-ல தொடுதிரை வந்துடுச்சு. 2007-ல ஐபோன் வந்த பிறகு நிக்கான் எஸ்60, அது இதுன்னு வரிசை கட்டினாங்க. அந்தக் காலத்துக் கேமராத் திரைகள்ல நிறைய, அழுத்தினாத்தான் வேலை செய்யும் ரகம். ரெண்டு மெல்லிய படலம், நடுவுல மயிரிழை இடைவெளி, மேல்படலம் பிளாஸ்டிக். அழுத்தினா ரெண்டும் ஒட்டும், அந்த இடத்தை அது கணக்குப் பண்ணும். வயசானா கணக்குத் தப்பும். ஒரு இடத்தைத் தொட்டா வேற இடம் திறக்கும். பட்டன் கேமராவுல ஒரு பட்டன் போனா ஒரு வேலைதான் போச்சு. இதுல திரை போனா ஃப்ளாஷை அணைக்கக்கூட வழி கிடையாது. போன் மாதிரி விரலோட மின்தன்மையை உணர்ற ரகம் பரவாயில்லைதான். ஆனா காய்ச்சுப் போன, வறண்ட விரலை அதுவும் அவ்வளவா மதிக்காது.

ரெண்டு, அந்த ஒல்லி. லென்ஸ் வெளியே நீளாம இருக்க, உள்ளே ஒரு பட்டகம் வச்சு ஒளியைத் தொண்ணூறு டிகிரி மடக்குறாங்க. 2002-ல மினோல்டா டிமாஜ் எக்ஸ்ல வந்த வித்தை. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கலை. ஆனா அதனால லென்ஸ் மேல் மூலையில போய் உக்காந்துடும். ரெண்டு கையால கேமராவைப் பிடிச்சா இடதுகை விரல் தானா லென்ஸ் மேல வந்து விழும். எங்கம்மா முகத்தை மறைச்சது அப்பாவோட தப்பில்லைன்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

மூணு, பேட்டரி. ஒல்லியான உடம்புக்கு ஒல்லியான பேட்டரி, மாடலுக்கு ஒரு ரகம். லித்தியம் பேட்டரி சும்மா வச்சிருந்தாலும் கிழடாகும். பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தின அசல் பேட்டரி இன்னிக்கு அரைமணி நேரம் தாங்கினா அதிசயம். சந்தையில கிடைக்குற போலி உப்பிக்கிட்டா மூடியைத் திறக்கவே முடியாது.

நாலு, கார்டு. பொண்ணு ஆசைப்பட்ட வரிசையில பாதி சோனி. 2010-க்கு முந்தின சோனி குட்டிக் கேமராக்கள்ல பெரும்பாலும் மெமரி ஸ்டிக் டுயோதான், எஸ்டி கார்டு நுழையாது. கார்டையும் தேடி அலையணும், படத்தை ஏத்த ரீடரையும் தேடணும்.

அஞ்சாவது, படம். உள்ளே இருக்குற உணரி கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. இன்னிக்கு நடுத்தர விலை போன்கள் பலதுல இதைவிடப் பெரிசு இருக்கு. அந்தப் பழைய படத்தோட அழகு நேரடி ஃப்ளாஷ்லயும், போன் மாதிரி மூஞ்சியைத் தேய்க்காததுலயும்தான் இருக்கு. அது பட்டன் வச்ச சாதாக் கேமராவுலயும் அச்சு அசலா கிடைக்கும். தொடுதிரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

தொழில்நுட்பம் போதும். எனக்கு உறுத்துறது வேற. அன்னிக்கு நான் அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தது யாருக்காக? அப்பா கைக்காகவா? இல்லை. தெருவோட கண்ணுக்காக. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் தலைகாட்டுற குற்ற உணர்ச்சிக்கு 16,000 ரூபாய் அபராதம் கட்டினேன், அவ்வளவுதான். வெளியூர்ல பொட்டி தட்டுற நம்மில் பல பேர் இதைத்தான் பண்றோம். புழங்கின பொருளைப் பிடுங்கிட்டு, பளபளன்னு ஒண்ணைக் கொடுத்து, நாலு தடவை சொல்லிக் கொடுத்துட்டு, அஞ்சாவது தடவை சிடுசிடுக்கிறோம். அப்புறம் "அப்பாவுக்கு இதெல்லாம் வராது"ன்னு தீர்ப்பு. முப்பது வருஷம் குடும்பத்தையே படம் பிடிச்ச மனுஷனுக்கா வராது? வராம பண்ணினது நான்.

அதனால யாருக்கு வாங்குறீங்களோ அவங்க கையைப் பாத்து வாங்குங்க. கடையிலயே மூணு பரீட்சை வைங்க. திரையைப் பாக்காம, பழகின ரெண்டு நிமிஷத்துல கேமராவை உயிர்ப்பிச்சு படம் எடுக்க முடியுதா? வெயில்ல நின்னு பாத்தா என்ன எடுக்குறோம்னு தெரியுதா? பேட்டரியும் கார்டும் நாளைக்கு ஊர்ல கிடைக்குமா? 2011-ல வந்த கேனான் பவர்ஷாட் ஏ1200 மாதிரி சிலதுல ரெண்டு பென்சில் செல் போட்டா போதும். கண்ணை வச்சுப் பாக்க சின்னக் கண்ணாடித் துவாரம் கூட உண்டு. அழகில்லைதான். ஆனா எந்தப் பெட்டிக்கடையிலயும் அதுக்குத் தீனி கிடைக்கும். பழசு வாங்குறவங்க இன்னொண்ணும் கவனிங்க. கேமராவோட வயசைப் பாத்து கார்டு போடுங்க. ரொம்பப் பழசுல 2 ஜிபிக்கு மேல ஏறாது. அதுக்கடுத்த எஸ்டிஎச்சி காலத்து கேமராவுக்கு 32 ஜிபிதான் உச்சம்.

கடைசியில என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? கடைக்காரர் நீட்டின "டச் வாலா"வுல ஃப்ளாஷை அணைச்சுக் காட்டுன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். மூலையைத் தொட்டா, அழிக்கவான்னு கேட்டுது. மறுபடி தொட்டா, மொழி மாறிடுச்சு. அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. பட்டன் வச்ச ஒரு பழைய கேனான் இக்ஸஸ், சார்ஜரோட 4,500-க்குப் படிஞ்சுது.

வெளியே வந்து முதல் படம் என்னைத்தான் எடுத்தா. ஜிலேபிக் கடை வாசல்ல. "அசையாதீங்கப்பா"ன்னா. எங்கப்பா குரல் மாதிரியே இருந்துச்சு.

பி.கு: பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க, வீட்டுல பழைய கேமரா ஏதாவது ஓடிக்கிட்டு இருந்தா தயவுசெஞ்சு அதைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. புதுசு கொடுக்கணும்னா கொடுங்க. ஆனா பழசு பக்கத்துலயே இருக்கட்டும். எது வேணும்னு அவங்க சொல்லட்டும்.