வரி ஒழிந்ததா, வசூல்காரன் மாறினானா?

"எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்கள்மீது வரி போடக்கூடாது" என்கின்ற கூச்சலோடு 1776ல் அமெரிக்காவிலிருந்த 13 குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தின் ஆட்சியை உதறித் தள்ளியதைப் பெரிய சுதந்திரக் கதையாக உலகமெல்லாம் சொல்லிக் கொண்டாடி வருகின்றார்கள். அக்கதையில் உண்மை எவ்வளவு, மறைக்கப்பட்டது எவ்வளவு என்பதைச் சற்று பொறுமையாய் யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

முதலாவது, அவர்களுடைய குறை பொய்க்குறை என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்து ஐரோப்பிய அரசாங்கங்களின் வியாபாரக் கொள்கை என்னவென்றால், தங்கமும் வெள்ளியும் தம் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, உள்ளே வந்து குவிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். அதற்காகக் குடியேற்ற நாடு கச்சாப் பொருளை விளைவித்துக் கொடுக்க வேண்டும்; தாய்நாடு செய்து அனுப்பும் சரக்கை வாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பதற்குச் சட்ட உருவம் கொடுத்ததைத் தவிர இதில் வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

1660ம் வருஷத்துக் கப்பல் சட்டப்படி புகையிலை, சர்க்கரை, பஞ்சு, அவுரி முதலியவைகளை இங்கிலாந்துக்கோ அதன் ஆதிக்கத்திலுள்ள இடங்களுக்கோ தவிர வேறெங்கும் அனுப்பக்கூடாது. 1699ல் கம்பளித் துணியைக் குடியேற்ற நாட்டிலிருந்து வெளியே அனுப்பத் தடை. 1732ல் தொப்பிக்குத் தடை. 1750ல் இரும்புக்கட்டியை மட்டும் தாராளமாய் அனுப்பலாம், ஆனால் அதைத் தகடாக்கவும் எஃகாக்கவும் புதிய ஆலை கட்டக்கூடாது என்று ஒரு சட்டம். தொப்பிச் சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. கறுப்பு மனிதன் எவனையும் அத்தொழிலில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்! இன்ன நிறத்தில் பிறந்தவன் இன்ன தொழில் செய்யக்கூடாது என்கிற புத்தி நம் நாட்டுச் சாஸ்திரக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி வரிகளைப் பார்ப்போம். 1765ல் முத்திரை வரி போட்டார்கள். எதிர்ப்புக்குப் பயந்து 1766ல் எடுத்தார்கள். 1767ல் கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை ஆகியவைகளுக்கு வரி போட்டார்கள். 1770ல் தேயிலை ஒன்றைத் தவிர மற்றதை எடுத்தார்கள். அந்தத் தேயிலையில் நம் நாட்டுக்கும் சம்பந்தமிருக்கின்றது. வங்காளத்தில் வரி வசூல் செய்யும் உரிமையை 1765ல் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1770ம் வருஷத்துப் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்காய்ச் செத்து விழுந்தும், அடுத்த வருஷமே நிலவரியைக் குறைவின்றி வசூலித்தது. அப்படிப்பட்ட கம்பெனியும் கடனில் மூழ்கி, 1773ல் அரசாங்கத்தினிடம் 14 லட்சம் பவுன் கடன் வாங்கிற்று. அதைக் காப்பாற்றுவதற்காகத்தான், லண்டன் கிடங்குகளில் விலைபோகாமல் கிடந்த அதன் சீனத் தேயிலையை நேரே அமெரிக்காவில் கொண்டுபோய் விற்கச் சட்டம் செய்து கொடுத்தார்கள்.

இதனால் தேயிலை விலை ஏறவில்லை, இறங்கிற்று! ராத்தலுக்கு 3 பென்னி வரி சேர்த்தும்கூட மலிவாகவே இருந்தது. அப்படியானால் கோபம் ஏன்? அவ்வரியைக் கொடுத்தால் வரிபோடும் பாத்தியதையை ஒப்புக்கொண்டதாகும் என்பது நியாயமான காரணந்தான். ஆனால் ஒல்லாந்துத் தேயிலையைக் கள்ளத்தனமாய் இறக்கி விற்று வந்தவர்களுக்கும், கம்பெனியின் ஏஜெண்டு வேலை கிடைக்காத வியாபாரிகளுக்கும் பிழைப்பில் மண் விழுந்தது என்பதும் ஒரு காரணமல்லவா? 1773 டிசம்பர் 16ந் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 300க்கு மேற்பட்ட பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. கொட்டினவர்களில் பலர் போட்டுக்கொண்ட வேஷம் மோஹாக் என்னும் பூர்வகுடி மக்களின் வேஷமாகும். ஆனால் பூர்வகுடிகள் எல்லோருக்கும் அந்நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்ததோ 1924ல்தான்!

சுதந்திரம் வந்தபின் நடந்ததென்ன? 1787ல் செய்த அரசியல் சட்டத்தில், சபையில் ஸ்தானங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவன் தலையைக் காட்டி அவன் எஜமானன் நாட்டுக்கு அதிக ஸ்தானம்! பிரதிநிதித்துவத்துக்காகப் போர் செய்தவர்கள் செய்த பிரதிநிதித்துவம் இது. 1790ம் வருஷக் கணக்கில் சுமார் 39 லட்சம் ஜனங்களில் 7 லட்சம் பேர் அடிமைகள். அவர்கள் விலங்கு ஒடிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வர 1920 ஆயிற்று.

அடிமைகள் கதிதான் அப்படியென்றால், வெள்ளைக் குடியானவன் கதி என்ன? மாஸசூஸெட்ஸில் 1786ல் வரிக்கும் கடனுக்கும் நிலம் ஜப்தியாகி, ஜெயிலுக்கும் போன குடியானவர்கள், போரில் சிப்பாயாயிருந்த டேனியல் ஷேஸ் முதலியவர்களின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்கின படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் வியாபாரிகளே. 1791ல் சாராயத்திற்கு வரி போட்டார்கள். அதை எதிர்த்த மேற்குப் பகுதிக் குடியானவர்கள்மீது 1794ல் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக்கொண்டு போனார். அன்று அன்னியன் போட்ட வரி கொடுமை. இன்று நம்மவன் போட்ட வரி தர்மமாகிவிட்டதா?

தோழர்களே! அன்னிய ஆட்சி ஒழிந்தது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஒழிய வேண்டியதே ஒழிந்தது. ஆனால் அது மாத்திரம் போதுமென்று திருப்தியடைவது, சுமையை இறக்காமல் தோள் மாற்றிக்கொண்டு சும்மாடு புதிதென்று சந்தோஷப்படுவதையே ஒக்கும். எந்த நாட்டிலானாலும் சுதந்திரம் என்று எவனாவது கொடி தூக்கினால், "வரி போடுவது யார், கொடுப்பது யார், கணக்குக் கேட்கும் உரிமை கடைசி மனிதனுக்கு உண்டா?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவன் சுதந்திரம் கேட்கவில்லை, வசூல் உத்தியோகந்தான் கேட்கின்றான் என்பதே நமது அபிப்பிராயம்.