பக்கத்து இருக்கைப் பிள்ளையின் கேள்வி

நெட்டப்பாக்கம், மடுகரை, கரியமாணிக்கம் முதலிய ஊர்களில் பள்ளி விட்டு வீடு திரும்பும் பேரப்பிள்ளைகள், சில நாள்களில் புத்தகப்பையோடு ஒரு கேள்வியையும் சுமந்து வருகிறார்கள். அது அவர்களுடைய கேள்வி அன்று; அடுத்த இருக்கையில் அமரும் கிறித்தவப் பிள்ளையோ இசுலாமியப் பிள்ளையோ கேட்டது. ‘கல்லுக்கு ஏன் பால் ஊற்றுகிறீர்கள்?’ கேட்ட பிள்ளையிடம் ஏளனம் இருப்பதில்லை, அறியும் ஆவல்தான். விடை தெரியாத நம் பிள்ளை, திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவிடம் வந்து நிற்கிறான். ‘அவர்களோடு உனக்கென்ன பேச்சு?’ என்று அவர் அதட்டினால், இரு பிள்ளைகளின் உரையாடல் அன்றோடு முடியும். நம் வழிபாட்டைப் பற்றி அறிய அவனுக்கு எழுந்த ஆவலும் அதோடு அணைந்துவிடும்.

வில்லியனூரைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இத்தகைய கேள்விகள் எழாமல் இரா. அங்கே திருக்காமீசுவரர் தேரில் எழுந்தருளுகிறார். தேர்வடம் பிடிக்கத் துணைநிலை ஆளுநர் வருகிறார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அவர்களுடைய ஆளுநரே வடம் பிடித்ததன் தொடர்ச்சி அது. அதே ஊரில் லூர்து மாதா கோயிலிலும் திருக்குளம் உண்டு, தேர்பவனி உண்டு. ‘இரண்டும் ஒன்றா, வேறா?’ என்று கேட்கும் பிள்ளையை யார் குறை கூற முடியும்?

இராமேசுவரத்தில் நிகழ்ந்ததைப் பலர் அறிவர். அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் தொப்பி அணிந்த கலாமும், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் முன்வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். சாஸ்திரியின் தந்தை பட்சி இலக்குமண சாஸ்திரிகள், இராமநாத சுவாமி திருக்கோயிலின் தலைமை அர்ச்சகர். புதிதாக வந்த ஆசிரியருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அதைக் கண்ட அர்ச்சகர் மகனின் கண்கள் கலங்கின.

இருவரும் வீட்டில் சொன்னார்கள். இந்த இடம் நின்று எண்ணத்தக்கது. சொன்னால் அடி விழும் என்ற வீடாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வாய் திறந்திருப்பானா? இலக்குமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்து, பிள்ளைகள் இருவரும் பார்த்திருக்கவே, பிஞ்சு நெஞ்சங்களில் வேற்றுமை நஞ்சைக் கலக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். ஆசாரத்தில் தலைநின்ற அந்தப் பெரியவர் தம் நியமங்களுள் எதையும் கைவிட்டு இதைச் செய்யவில்லை. கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீனும் அவரும் ஆன்மிகம் பேசி மகிழும் நண்பர்கள். சீதாராமர் திருக்கல்யாணத்தின்போது உற்சவ மூர்த்திகளைக் குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்திற்கு எழுந்தருளச் செய்யும் படகுகளை ஏற்பாடு செய்தது கலாமின் குடும்பம்.

எல்லோர் மனமும் ஒரே நாளில் விரிந்துவிடவில்லை. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தபோது, அவர் மனைவியார் தம் தூய அடுக்களையில் பரிமாற மறுத்தார். ஐயர் சினக்கவில்லை, தாமே பரிமாறி உடன் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்த முறை அம்மையாரே கலாமை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் உணவிட்டார்.

பிற சமயப் பிள்ளையோடு பழகினால் நம் பிள்ளை நம் நெறியை விட்டு விலகுவானோ என்னும் அச்சம் பெரியோர் பலருக்கு உண்டு, அது இயல்பே. ஆனால் அந்த முன்வரிசைப் பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆனார்கள்? இராமநாத சாஸ்திரி தந்தைக்குப் பின் இராமேசுவரத்தில் அர்ச்சகப் பொறுப்பை ஏற்றார். கலாம் தம் தொழுகையை விடவில்லை.

‘கல்லுக்கு ஏன் பால்?’ என்று பேரன் கேட்டால், தாத்தாவிடம் விடை இருக்கிறது. மந்திரங்களால் திருமேனியில் எழுந்தருளச் செய்த இறைவனை, வீட்டுக்கு வந்த பெருவிருந்தாகவே கருதுகிறோம். அதனால்தான் நீராட்டுகிறோம், உடுத்துகிறோம், அமுது படைக்கிறோம், இரவில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். பதினாறு உபசாரங்களின் கருத்து இதுவே. இதைச் சொல்லிவிட்டு, ‘உன் நண்பன் வீட்டில் எப்படித் தொழுகிறார்கள் என்று நாளை கேட்டு வா’ என்று அனுப்பினால், மறுநாள் மாலை அவன் திண்ணைக்கு ஓடி வருவான்.