அறுபதாயிரம் ரூபா பிஸ்டலும் எமது ஊரும்

நீண்ட பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

இரண்டு வாரமாக எமது ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்கர் ஒருவர் மேசையில் ஒரு பிஸ்டலை வைத்துக்கொண்டு, இது மலிவானது, எல்லோரும் இதை இழிவாகப் பேசுகிறார்கள், ஆனால் நல்ல சாமான் என்று அரை மணித்தியாலம் விளக்குகிறார். ஹை-பொயின்ட் சி9 என்பது அதன் பெயர். எமது தம்பிமார் அதற்குக் கீழே எழுதியிருப்பது: "எங்கட ஊருக்கும் இதுல பத்து வந்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

இது வெறும் பொடியன்மாரின் பகிடி என்றால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். கடைத்தெருவில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் உடைக்கப்பட்ட பின்னர், வர்த்தகர்கள் சிலர் தற்பாதுகாப்புக்குப் பிஸ்டல் அனுமதி கேட்டுக் கூட்டாக விண்ணப்பிக்கப் போவதாகவும், பள்ளி நிர்வாகத்திடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருப்பதாகவும் அறிகிறோம். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் இரண்டு ஹாஜிமார்களும் இருக்கிறார்கள். பேச வேண்டிய நேரம் இதுதான்.

முதலில் வீடியோக்காரருக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். அவர் பொய் சொல்லவில்லை. ஹை-பொயின்ட் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தயாராகிறது. மேலே நகரும் பகுதியை விலையுயர்ந்த எஃகில் கடையாமல் துத்தநாகக் கலவையில் வார்த்துவிடுகிறார்கள். உள்ளே சிக்கலான பூட்டுப் பொறிமுறை எதுவும் இல்லை. அந்தப் பகுதியின் பாரமே வெடிப்பின் உதைப்பைத் தாங்குகிறது. அதனால்தான் அது மலிவு, அதனால்தான் பார்க்கவும் அவலட்சணம், ஏறத்தாழ 800 கிராம் பாரம். மகசினில் எட்டு ரவைகள். 200 டொலரைச் சுற்றிய விலை. எமது காசில் அறுபதாயிரம் என்று வையுங்கள். எமது பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் போன்கள் சில அதைவிட விலை கூடியவை. யார் கைக்கு மாறினாலும் ஆயுள் முழுவதும் உத்தரவாதம் என்று கம்பனி சொல்கிறது.

ஆக, நல்ல சாமான்தான். பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு துவக்கு மலிவாகவும் நம்பகமாகவும் இருந்தால் அது யாருடைய கைக்கெல்லாம் போகும் என்பதை அந்த வீடியோ சொல்லவில்லை.

1999 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்தரப் பாடசாலை. இரண்டு மாணவர்கள் தமது பாடசாலைக்குள்ளேயே 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கொண்டுபோன துவக்குகளில் ஒன்று ஹை-பொயின்ட். பிஸ்டல் அல்ல, அதே 9 மில்லிமீற்றர் ரவை போடும் நீள ரகம். வயது போதாததால் 18 வயதான தோழி ஒருத்தி மூலம் துவக்குச் சந்தையொன்றில் வாங்கிக்கொண்டார்கள். மலிவான சாமானுக்கு உள்ள வசதி அதுதான்: பாடசாலைப் பிள்ளையின் கைக்காசுக்கும் எட்டும். நாம் ஆசிரியர்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் எம்மைப் போல சோக்கட்டி பிடித்தவர் என்பது எமக்கு மறக்காது.

"அது அமெரிக்கா சேர், இங்க அப்படி நடக்காது" என்பீர்கள். சரி, இங்கே வருவோம்.

எமது நாட்டில் துவக்கு வைத்திருக்க 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. தற்பாதுகாப்புக்கான பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போக வேண்டும். அப்படிக் கொடுக்கப்பட்டவற்றையே 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன்னர் வெலிசறை கடற்படை முகாமில் ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது, யாருக்கு உண்மையிலேயே தேவை என்று மீளாய்வு செய்வதற்காக. பெரும் பெரும் புள்ளிகள் தமது துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வரிசையில் நின்ற பிறகு, நாம் புதிதாகக் கேட்டு வரிசையில் நிற்கப் போகிறோமா?

அனுமதி கிடைக்காதவர்களுக்கு வேறு வழி தெரியும் என்று சிலர் மறைமுகமாகப் பேசுகிறார்கள். அந்தத் தம்பிமாருக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் ஒருவரைச் சுட்ட துவக்கு எப்படி உள்ளே போனது? சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைக் குடைந்து, அதற்குள் வைத்து. சுட்டவன் சட்டத்தரணி உடையில் வந்தவன். ஒளித்து வைக்கும் துவக்கின் சகவாசம் அதுதான். நீங்கள் கடையைக் காப்பதற்கு என்று வாங்கினாலும், உங்களுக்கு விற்றவன் நாளை இன்னொன்றுக்காக உங்களிடமே வருவான். அவனிடம் இல்லை என்று சொல்ல உங்களால் முடியாது.

இனி, யாரும் வாய்திறந்து சொல்லாத காரணத்துக்கு வருவோம். கடை உடைப்பு ஒரு சாட்டு. அடிமனதில் இருப்பது 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மினுவாங்கொட. "அண்டைக்கு எங்கட ஆக்கள்ட கையில ஒண்டு இருந்திருந்தா..." என்ற கதை ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஓடுகிறது. அந்தப் பயத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். கடை எரிந்தவனுக்குத்தான் அதன் சூடு தெரியும். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது என்ற வலியும் உண்மை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவில் ஐந்நூறு பேர் வருகிறார்கள். உங்களிடம் எட்டு ரவைகள். எட்டும் முடிந்த பிறகு? எட்டில் ஒன்று யாரையாவது பட்டுவிட்டால், அடுத்த நாள் செய்தியின் முதல் வரி என்னவாக இருக்கும்? எரிந்த நாற்பது கடைகளாக இருக்காது. "முஸ்லிம் வர்த்தகர் துப்பாக்கிச் சூடு" என்றுதான் இருக்கும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் கண்ணால் கண்டவர்கள். வாள்களையும் பெரிய கத்திகளையும் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று பொலிஸ் அறிவித்தது. எமது வீடுகளில் மாடு அறுக்கும் கத்தியைக்கூட எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று உம்மாமார் நடுங்கினார்கள். கத்திக்கே அந்தப் பாடு. கட்டில் மெத்தைக்குக் கீழே ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? அந்தக் குடும்பம் மட்டுமா, அந்தத் தெருவின் நிலை?

திகன நாட்களில் வேறொன்றும் நடந்தது. சில இடங்களில் அயலிலிருந்த சிங்கள மக்களும் பிக்குமாரும் பள்ளிவாசல்களுக்குக் காவலாக வந்து நின்றார்கள். பிஸ்டல் வைத்திருக்கும் கடைக்கு முன்னால் அப்படி யாரும் வந்து நிற்பார்களா?

கிழக்கில் இருக்கும் எமக்கு இதைவிடப் பழைய கணக்கும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூர். அதன் பிறகு எமது கிராமங்களில் ஊர்காவலர்களின் கைக்குத் துவக்கு வந்தது. வரத்தான் வேண்டியிருந்தது, அதை நாம் மறுக்கவில்லை. பல உம்மாமார் அந்த வருடங்களில் நித்திரை கொண்டது அந்தக் காவலில்தான். ஆனால் கதையின் மறுபாதியை எமது மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1992 ஏப்ரலில் பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் எமது மக்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல கிராமங்களில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவலர்களும் சேர்ந்திருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் என்ன குற்றம் செய்தார்கள்? காவலுக்கென்று கொடுத்த துவக்கு காவலோடு நிற்கவில்லை. இதைச் சொல்வதால் எம்மைச் சமூகத் துரோகி என்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். வயல் எல்லையில் எமக்கும் அவர்களுக்கும் இடையில் நம்பிக்கை திரும்பி வர எத்தனை வருடம் எடுத்தது என்று மூத்த விவசாயிகளிடம் கேளுங்கள்.

விவசாயிகள் என்றதும் ஒன்று. பன்றிக்கும் யானைக்கும் பயந்து அனுமதிப்பத்திரத்துடன் வயல் காவலுக்குச் சொட்கன் வைத்திருக்கும் நானாமாரைப் பற்றி இந்தப் பதிவில் ஒரு சொல்லும் இல்லை. அது வேறு விடயம். தோளில் தெரியும் சொட்கனும் இடுப்பில் மறையும் பிஸ்டலும் ஒன்றல்ல.

எமக்கு மிகவும் உறுத்துவது வீட்டுக்குள் நடக்கக்கூடியது. அமெரிக்காவில் 2021 இல் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்! திருடனுக்கென்று வாங்கிய சாமான் வாங்கியவரின் வீட்டையே தின்கிறது. துவக்கு இல்லாவிட்டாலும் வேறு வழி தேடியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டாம். எமது நாட்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்து வருடத்தில் அந்த வீதம் பாதியாகியது. மக்களின் கவலை பாதியாகவில்லை. வறுமை, கடன், குடும்பச் சண்டை எல்லாம் அப்படியே இருந்தன. கோபத்திலோ விரக்தியிலோ கை நீட்டிய அந்த ஐந்து நிமிடத்தில், கைக்கெட்டிய இடத்தில் உயிரை உடனே எடுக்கும் சாமான் இல்லாமல் போனது, அவ்வளவுதான். சாதாரண தரப் பெறுபேறு வரும் நாட்களில் எத்தனை பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நாம் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறோம் தெரியுமா? அந்த வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு பிஸ்டல் இருப்பதை நினைத்துப் பார்க்க எம்மால் முடியவில்லை.

இன்னொன்று, தொழில்நுட்ப விடயம். செமி ஒட்டோமெட்டிக் என்றால் விசையை ஒரு தடவை இழுக்க ஒரு குண்டு. வெடித்த வேகமே வெற்றுக் கோதை வெளியே எறிந்து அடுத்த ரவையை உள்ளே ஏற்றிவிடும். மகசினைக் கழற்றினால் துவக்கு வெறுமையாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே ஏறிய ஒரு ரவை அங்கேயே இருக்கும். அப்படியே வைத்துவிட்டுப் போன வாப்பாவின் துவக்கை எடுத்து விளையாடும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

மார்க்கம் பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ அம்போடு வருபவர் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. தவறியும் ஒரு முஸ்லிமைக் கீறிவிடக் கூடாது என்பதற்காக. விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டக் கூடாது என்றார்கள். பலத்தைத் தயார் செய்யச் சொல்லும் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஹதீஸ்களைத் தாண்டிப் போகிறவர்களிடம் எமது மௌலவிமார் ஒரு ஜும்ஆவிலாவது பேச வேண்டும்.

பெருநாள் வருகிறது. கடைகளில் பிளாஸ்டிக் குண்டு போடும் பிஸ்டல்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. போன நோன்புப் பெருநாள் லீவு முடிந்து தரம் ஐந்துப் பிள்ளையொன்று ஒரு கண்ணில் கட்டோடு வகுப்புக்கு வந்தது. முந்நூறு ரூபா சாமான். அதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வர்த்தகர்களிடம் எமது கோரிக்கை இதுதான். விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுங்கள். கடைத்தெருவின் இரண்டு முனையிலும் எரியாமல் கிடக்கும் ஏழு தெருவிளக்குகளைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். ஒரு பிஸ்டலின் காசில் இரண்டு நல்ல கெமரா பூட்டலாம். இரவுக் காவலுக்கு முறை போடுங்கள், அதில் எமது பெயர்களையும் சேருங்கள். பக்கத்து ஊர்த் தமிழ், சிங்களக் கடைக்காரர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்களது கடைகளும் உடைபட்டிருக்கின்றன. பள்ளி நிர்வாகத்தினர் அந்தச் சிபாரிசுக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். சங்கக் கூட்டம் சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு. இன்ஷா அல்லாஹ் நாம் வருவோம். பதில் சொல்ல விரும்புபவர்கள் இங்கே எழுதாமல் அங்கே வாருங்கள்.