சிலந்தி போதவில்லையாம்

எசெகியேல் பூன் என்ற புனைபெயரில் அலெக்சி சென்ட்னர் எழுதி 2016இல் வெளியான ‘த ஹாட்சிங்’ நாவல்மீது வாசகர்கள் அடுக்கும் குற்றச்சாட்டுகளில் பாதி, வாசிப்புச் சோம்பலில் பிறந்தவை. பாத்திரங்கள் அதிகமாம், அறிமுகமான கையோடு செத்துப்போகிறார்களாம். பெருவின் காட்டில் தொடங்கி, சீனா தன் நிலத்திலேயே அணுகுண்டு வீசுவதுவரை விரியும் கதை இது. பெயர் தெரிந்த மறுகணமே ஒருவன் இல்லாமலாவதைக் காட்டாமல் பேரழிவை வேறெப்படிச் சொல்வது?

‘சிலந்திகள் கூட்டமாக வாழ்வதில்லை’ என்று அறிவியல் பேசுவோர் இன்னொரு வகை. இந்தியாவின் முட்புதர்களிலேயே ஸ்டெகோடிஃபஸ் பேரினச் சிலந்திகள் நூற்றுக்கணக்கில் ஒரே வலையில் கூடி வாழ்கின்றன. பெரிய இரையைச் சேர்ந்தே வீழ்த்துகின்றன. (மனிதரைத் தின்பதில்லை என்பது வேறு விஷயம்.) மறுப்பதற்கு முன் கொஞ்சம் தேடியிருக்கலாம்.

ஆனால் ஒரு கோபம் முற்றிலும் நியாயமானது. கதை முடியுமுன்னே புத்தகம் முடிந்துவிடுகிறது. 2017இல் ‘ஸ்கிட்டர்’, 2018இல் ‘ஸீரோ டே’ என மேலும் இருமுறை பணம் கொடுத்தால்தான் முடிவு கிடைக்கும். அச்சத்தை நீட்டிப்பதற்கும் விற்பனைக்காகக் கதையை அறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் உரக்கப் பேசியிருக்க வேண்டும். நம் வாசகரோ, சிலந்தி போதவில்லை என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டு, அடுத்த பாகத்தையும் வாங்கிவிடுகிறார்.