வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை

"அக்கா, முதல் பிள்ளைன்னா எல்லாருக்கும் கீழே வெட்டித்தான் எடுப்பாங்களாமே, உண்மையா? வேணாம்னு சொன்னா மிஸ்ஸி ஏசுவாங்களா?"

காலை நிகழ்ச்சிக்கு வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு இது. பேசியவர் பட்டர்வொர்த் பக்கம், 32 வாரக் கர்ப்பிணி. காலை ஏழரை மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு அப்பாமார்கள் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும் நேரத்தில், இதை ஒலிபரப்ப முடியாது. அதனால் பதிலை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். நம் வீடுகளில் பிரசவத்தைப் பற்றி ஆயிரம் பேசுவோம், இதை மட்டும் "தையல் போட்டாங்க" என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோம். எதற்கு, எவ்வளவு, யாரைக் கேட்டு என்ற கேள்வியே வருவதில்லை.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். பிள்ளையின் தலை வெளியே வரும் நேரத்தில், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் தசைப் பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி வழியைப் பெரிதாக்குவதுதான் எபிசியோட்டமி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நேர்கீழாக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவார்கள். நேராக வெட்டினால் வெட்டு நீண்டு ஆசனவாய்த் தசை வரை போய்விடும் ஆபத்து அதிகம். வெட்டாவிட்டாலும் பலருக்கு அந்த இடம் கொஞ்சம் கிழியும். தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை, தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. ஆசனவாய்த் தசையைத் தொட்டால் மூன்று, அதையும் தாண்டி உள்சவ்வு வரை போனால் நான்கு. பயப்பட வேண்டியது கடைசி இரண்டுக்கும்தான். கத்தரிக்கோல் வெட்டு ஆரம்பத்திலேயே இரண்டாம் நிலைக் கிழிசலுக்குச் சமம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

டப்ளின் நகரத்து மருத்துவர் ஃபீல்டிங் ஊல்ட் 1742இல் இந்த வெட்டைப் பற்றித் தன் புத்தகத்தில் எழுதினார். அவர் சொன்னது பிள்ளை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும் பிரசவத்துக்கு. 1920இல் சிகாகோவின் ஜோசப் டிலீ, பிரச்சினை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வெட்டி, ஆயுதம் போட்டு எடுப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று வாதாடினார். பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறிய காலம் அது. அவசரத்துக்கு என்று இருந்தது வழக்கமாகிவிட்டது. நம் அம்மாக்கள் காலத்தில் முதல் பிள்ளை என்றாலே தையல்தான்.

இந்த வழக்கத்தைச் சரியாகச் சோதித்துப் பார்த்தது அர்ஜென்டினா. எட்டு பொது மருத்துவமனைகளில் 2,606 பெண்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் வெட்டு, இன்னொரு பிரிவுக்குத் தேவைப்பட்டால் மட்டும். 1993இல் முடிவு வந்தது. முதல் பிரிவில் 83 விழுக்காட்டினருக்கு வெட்டு, இரண்டாவதில் 30 விழுக்காட்டினருக்கு. வெட்டினால் பெரிய கிழிசலைத் தடுக்கலாம் என்பதுதானே வாதம்? பெரிய கிழிசல் முதல் பிரிவில் 1.5 விழுக்காடு, இரண்டாவதில் 1.2. குறைவாக வெட்டிய பிரிவில் முன்பக்கச் சின்னக் கிழிசல்கள் சற்று அதிகம். ஆனால் வலியும், காயம் ஆறுவதில் வந்த சிக்கல்களும் குறைவு. 2018இல் உலகச் சுகாதார நிறுவனமும், இயல்பான பிரசவத்தில் எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டது.

"நம்ம ஆளுங்களுக்குத் தசை இறுக்கம், வெட்டலைன்னா கிழிஞ்சிடும்" என்று சொல்வார்கள். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம், ஆசியப் பெண்களைப் பெரிய கிழிசல் ஆபத்து உள்ளவர்கள் பட்டியலில் வைத்திருப்பது உண்மை. முதல் பிரசவமும் அதே பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்டு மருத்துவர் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டால் சரி. இனத்தைப் பார்த்துக் கத்தரிக்கோலை எடுக்க அது காரணம் ஆகாது.

அதற்காக "எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது" என்று பிரசவத் திட்டத்தில் எழுதச் சொல்லமாட்டேன். பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கி, உடனே வெளியே எடுத்தாக வேண்டிய நிமிடங்கள் உண்டு. ஆயுதம் போடும்போதும், தோள் சிக்கும்போதும் மருத்துவரின் கைக்கு இடம் தேவைப்படும். அப்போது அந்த வெட்டு பிள்ளையைக் காப்பாற்றலாம். ஆகவே கேட்க வேண்டியது இரண்டு விஷயம்: வழக்கத்துக்காக வெட்டாதீர்கள், தேவை வந்தால் காரணத்தைச் சொல்லி, என் சம்மதம் கேட்டு வெட்டுங்கள். "துடிப்பு இறங்குதும்மா, வெட்டணும், சரியா?" என்று கேட்க ஐந்து விநாடி போதும்.

இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நம் நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2006 இறுதியில் ஃபூ ஃபியோ நா வழக்கில், ஒரு சிகிச்சையின் முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. அது கழுத்து அறுவைச் சிகிச்சை வழக்கு. 2017இல் ஒரு கர்ப்பிணியின் வழக்கிலும் அதே நீதிமன்றம், ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமை விஷயத்தில் அந்த நிலையையே உறுதிப்படுத்தியது. மலேசிய மருத்துவ மன்றமும் சம்மதம் பெறுவது பற்றித் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது.

ஆனால் சட்டம் பேசும் இடம் பிரசவ அறை இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது யாராலும் விவாதிக்க முடியாது. 34, 36 வாரப் பரிசோதனையில் பேசிவிடுங்கள். "நீங்கள் எப்போதெல்லாம் வெட்டுவீர்கள், டாக்டர்?" என்று கேளுங்கள். "முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும்" என்று பதில் வந்தால், ஏன் என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் மருத்துவரை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் அன்று யார் வேலையில் இருப்பார் என்று தெரியாது. அதனால் ஒரு தாளில் எழுதி உங்கள் பிங்க் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள், மலாயில் எழுதுங்கள்: "தோலோங் பெரிதாவு டான் மிந்தா இசின் சாயா டுலு செபெலும் போத்தோங்." வெட்டும் முன் சொல்லி அனுமதி கேளுங்கள் என்று அர்த்தம். கணவரையோ அம்மாவையோ உள்ளே விடும் இடமாக இருந்தால், அவர்களுக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்.

நம் பக்கம் செய்யக்கூடியதும் இருக்கிறது. 34, 35 வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சுத்தமான கையில் வாசனை சேர்க்காத எண்ணெய் தொட்டு, அந்த இடத்தை உள்ளிருந்து கீழ்நோக்கி மெல்ல அழுத்தித் தளர்த்தினால், முதல் பிரசவத்தில் வெட்டும் தையலும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களும், கிருமித்தொற்று இருப்பவர்களும் செய்யக்கூடாது. மற்றவர்களும் மிஸ்ஸியைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முக்கும் நேரத்தில் வெந்நீர் ஒற்றடத் துணி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், பெரிய கிழிசலை அது குறைக்கிறது. மல்லாந்து படுத்தே முக்க வேண்டும் என்றும் இல்லை. தலை வரும்போது "முக்காதே, ஊது ஊது" என்று மிஸ்ஸி சொன்னால் கேளுங்கள். தலை மெதுவாக வந்தால் தசைக்கு விரிய நேரம் கிடைக்கும்.

சரி, வெட்டியாகிவிட்டது, தையலும் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆட்சி பாட்டி கைக்குப் போய்விடும். நாட்டுக்கோழி, பூண்டு, நல்லெண்ணெய், பிரசவ மருந்து எல்லாம் நானும் ரசித்துச் சாப்பிட்டவள்தான், அதற்கு எதிராக ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் "தண்ணி அதிகம் குடிக்காதே, பப்பாளி குளிர்ச்சி, கீரை வேணாம்" என்பதில்தான் எனக்குச் சண்டை. தையல் போட்டவளுக்கு முதல் எதிரி மலச்சிக்கல். தண்ணீரையும் பழத்தையும் நிறுத்திவிட்டு, அவள் கழிப்பறையில் அழுவதைப் பார்த்து "பச்ச உடம்பு அப்படித்தான்" என்பது நியாயமா? பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் தேவை. குளிர்ச்சி என்றால் வெதுவெதுப்பாகக் கொடுங்கள் பாட்டி.

மூலிகை போட்ட வெந்நீரில் உடம்புக்கு ஊற்றுங்கள், தையல் மேல் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். மஞ்சள், எண்ணெய், மூலிகைச் சாந்து எதையும் காயத்தில் பூச வேண்டாம். கரியடுப்புப் புகையின் மேல் உட்கார வைப்பதும், மலாய் பீடான் கொண்டுவரும் சூட்டுக் கல்லை அந்த இடத்தில் வைப்பதும் கூடாது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் வடியும். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் குறையும். பேட் அடிக்கடி மாற்றுங்கள். பாராசிட்டமோல் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தால் தையலில் பாரம் விழாது. நூல் தானாகக் கரையும், துணுக்குகள் பேடில் விழுந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரு மாதத்தில் காயம் ஆறிவிடும்.

கிளினிக் கெசிஹாத்தான் மிஸ்ஸி வீட்டுக்குப் பார்க்க வரும்போது பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள், தையலையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, தையல் பிரிவது இருந்தாலோ, அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் துறையில் 2023 ஜனவரியிலிருந்து தாய்க்கு 98 நாள், தகப்பனுக்கு ஏழு நாள் விடுப்பு. அந்த ஏழு நாளில் துணி, பாத்திரம், பிள்ளையின் நாப்கின் மூன்றும் உங்களுடையது. தையல் போடும் நேரத்தில் "ஒரு தையல் கூடப் போடுங்க டாக்டர்" என்று ஜோக் அடிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தக் கூடுதல் தையலுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை, பெண்ணுக்கு மிஞ்சுவது வலி மட்டும். தாம்பத்தியத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். அவள் வலியில்லை, சரி என்று சொல்லும் நாள்தான் அந்த நாள்.

காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, சிரித்தால் சிறுநீர் சொட்டுவது, மாதங்கள் கடந்தும் உட்கார முடியாமல் இருப்பது, இவை "பிள்ளை பெத்தா இப்படித்தான்" கணக்கில் வராது. இடுப்பு அடித்தசைக்கு என்று தனிப் பயிற்சியும் பிசியோதெரப்பியும் உண்டு. ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.